ஏழு கல், ஒரு முட்டை

“பசை வச்சு ஒட்டியிருக்கீங்கன்னு மொட்டைக் கடிதம் வந்திருக்கும்மா.”

சிற்பக் கண்காட்சியின் பொறுப்பாளர் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். எதிரே நின்ற அம்மாள், கல்குவாரி எடைமேடையில் சீட்டு எழுதுபவர். முகம் மாறவில்லை.

“யார் எழுதினது?”

“பேர் போட்டிருந்தா அது ஏன் மொட்டைக் கடிதம்?”

அவருடைய சிற்பம் நடைவழியின் கடைசியில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு ஆற்றுக் கற்கள். கீழிருந்து இரண்டு கல்லுக்கு மேல் மட்டும் ஒரு கோழிமுட்டை, நட்டுக்குத்தலாக. மிச்சம் ஐந்து கல்லின் பாரமும் அதன் தலையில். பெயர் அட்டையில் ‘மூத்தவள்’ என்று இருந்தது.

கண்காட்சி தொடங்கி ஒன்பது நாள். பொறுப்பாளரே இன்றுதான் அதை நின்று பார்க்கிறார்.

“விதி தெரியும்ல? இந்தப் பிரிவுல பசை, ஆணி, கம்பி எதுவும் கூடாது. இருந்தா பேரை அடிச்சிடுவாங்க. அடுத்த வருஷமும் உள்ள விடமாட்டாங்க.”

“பிரிச்சுட்டு மறுபடி அடுக்குறேன். நடுவரைக் கூப்பிடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”

சேதி நிமிடத்தில் பரவியது. வெண்கலச் சிலைகளை மொய்த்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே இங்கே வந்தது. பின்னாலேயே வெண்கலச் சிற்பியும் வந்தார்.

“முட்டையை அவிச்சிருப்பாங்க சார். இந்தச் சிற்பத்தை எங்க வீட்டுல தினமும் காலையில நானே செய்யறேன்.”

நாலு பேர் சிரித்தார்கள். இந்த ஆள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பொறுப்பாளர் மனதுக்குள் முடிவுகட்டினார்.

அம்மாள் கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார். முட்டையை எடுத்து ஒரு தம்ளர் விளிம்பில் தட்டினார். மஞ்சள்கரு வழுக்கி உள்ளே விழுந்தது. சிரிப்பு நின்றது.

“கேண்டீன்ல இருந்து வேற முட்டை வேணும். இவரே வாங்கிட்டு வரட்டும். அப்பத்தான் நம்புவார்.”

வெண்கலச் சிற்பி வாங்கிவந்தார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. கல்லை வைப்பார், மூச்சை அடக்குவார், ஒரு மயிரிழை திருப்புவார், கையை எடுப்பார். ஐந்தாவது கல் ஒருமுறை சரிந்தது. கீழே விழுமுன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மறுபடி வைத்தார். கடைசிக் கல் உட்கார்ந்ததும் எழுந்த கைதட்டலில் எல்லாமே சரிந்துவிடுமோ என்று பொறுப்பாளர் இரு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்தார். ஒன்றும் ஆகவில்லை. நடுவர் மண்டியிட்டு, முட்டையை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, எழ மனமில்லாமல் அங்கேயே இருந்தார்.

மாலையில் முதல் பரிசு ‘மூத்தவளு’க்கு. முதலில் வந்து கைகொடுத்தவர் வெண்கலச் சிற்பிதான்.

“இருபது வருஷமா நெருப்புல உருக்கி ஒட்டிட்டிருக்கேன்மா. நீங்க மூச்சுலயே நிறுத்திட்டீங்க.”

அவர் கண் கலங்கியிருந்தது. சே, இவர் இல்லை என்று பொறுப்பாளருக்குப் புரிந்தது.

“அந்தக் கடிதம் எழுதினவன் மட்டும் கையில கிடைக்கட்டும்மா, அவனைச் சும்மா விடமாட்டேன்,” என்றார் பொறுப்பாளர்.

“அவன் இல்ல தம்பி, அவ,” என்றார் அம்மாள், பரிசுக் கோப்பையைப் பைக்குள் திணித்தபடி. “பாவம், லீவு போட்டு ஒன்பது நாளா இங்கயே நின்னா. வர்றவங்க எல்லாம் கல்லைப் பார்க்காம என்கிட்ட பாத்ரூமுக்கு வழி கேட்டா, நான் வேற என்னதான் பண்றது?”