லட்டு தானம்

மழை பொய்த்த அந்த வருஷம் காட்டில் தரைப்புல்லெல்லாம் கருகிப்போனது. உயரத்துத் தழைகள் மட்டும் பச்சையாக இருந்தன. அவை குரங்குகளுக்குத்தான் எட்டும். குரங்குத் தலைவர் நெடுவாலாருக்கு இளகிய மனசு. மலைக்கோவில் பக்தர்கள் கொடுத்த லட்டுகளைத் தின்று திகட்டிப்போய், ஊசிப்போன மிச்சத்தை ஏழைகளுக்குத் தானம் செய்ய ஆரம்பித்தார்.

செவலை என்கிற வெள்ளாடும் பசி தாங்காமல் வரிசையில் நின்று வாங்கித் தின்றது. சில நாளிலேயே வயிறு மத்தளமாக உப்பியது. மடியில் பால் வற்றி, குட்டி ஓயாமல் கத்தியது.

செவலை கூச்சத்தை விட்டுக் கேட்டது. "ஐயா, லட்டு வேண்டாங்க. ரெண்டு கொத்து தழை ஒடிச்சுப் போட்டீங்கன்னா குட்டிக்குப் பால் ஊறும்."

தழையை மென்றபடியே நெடுவாலார் சிரித்தார். "தழை எங்க வீட்டுச் சாப்பாடும்மா. சும்மா கிடைக்கிறதுல இது வேணும், அது வேணும்னு கேக்கலாமா?"

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே இலவச மருத்துவ முகாம் திறந்தார். வைத்தியர் கரடி செவலையின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "இந்த ஏழைங்களுக்கு வாயைக் கட்டவே தெரியாது" என்று அலுத்துக்கொண்டு சூரணம் கொடுத்தார்.

செவலை அதை வாயில் போடப் போனபோது நெடுவாலார் பதறித் தடுத்தார்.

"வெறும் வயித்துல மருந்து சாப்பிடக் கூடாதும்மா! இந்தா, முதல்ல ஒரு லட்டு சாப்பிடு."