உயில் எழுதப் போனவர்

கணவனின் கோட்டுப் பைக்குள் கிடந்த பற்றுச்சீட்டைக் கமலாம்பிகை மூன்றாம் முறையாக வாசித்தாள். பதிவு அலுவலகத்தில் பணம் கட்டியவர் செல்வரத்தினம். கலியாணம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஆங்கிலம் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் 'மரேஜ்' என்ற சொல்லை வாசிக்க யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவருக்கு இருதய ஒப்பரேஷன். அதற்கு முன் உயில் எழுதிவிட வேண்டுமென்று சொலிசிற்றர் வக்கீலிடம் போனவர், முதல் தரம் உற்சாகமாகத்தான் திரும்பி வந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு வீடு, அப்டன் பார்க்கில் கடைக் கட்டடம். விட்டுப்போகும் சொத்து ஒன்றரை லட்சம் பவுணுக்கு மேல் போனால் நூற்றுக்கு நாற்பது அரசாங்கத்துக்கு வரி. மனைவிக்கு எழுதினால் மட்டும் வரியே இல்லையாம். முழுதையும் அவள் பெயருக்கே எழுதப்போவதாகச் சொல்லி, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் தரம், சொலிசிற்றர் அத்தாட்சி கேட்டார் என்று கலியாண அல்பத்தைக் கொண்டுபோனார். எழுபத்தாறில், வாடகைக்கு எடுத்த சேர்ச் ஹோலில் நடந்த கலியாணம். பதிவு அலுவலகம் தந்த நாள் அட்டமி என்று பதிவைத் தள்ளிவைத்த அவளுடைய அண்ணன், தாலிகட்டுக்குத் தங்கமான முகூர்த்தம் பார்த்துக் கொடுத்திருந்தார். அந்தப் படங்களில் கமலாம்பிகைக்கு இன்றைக்கும் பெருமை.

ஆனால் அன்று அவர் பேயறைந்த முகத்தோடு திரும்பினார். பிறகு உயில் பேச்சே இல்லை. கடையில் வேலை செய்யும் மேரிறோசோடு மட்டும் ரெலிபோனில் குசுகுசுப்பு. வெள்ளிக்கிழமையை மறக்க வேண்டாம், நல்ல சீலை உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று அவர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மேரிறோசுக்கு நாற்பது வயது, புருஷன் இல்லை. நெஞ்சைப் பிளக்கப்போகும் நேரத்தில் மனிதருக்கு மாப்பிள்ளை ஆசையா என்று ஊரார் சிரிக்கலாம். கமலாம்பிகைக்குப் பயம்தான் வந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்று, பதினேழு வருடம் கடையில் மூட்டை தூக்கியவள் இனி எந்த வாசலில் போய் நிற்பது? வீடும் போய், அவரும் போய்விட்டால்?

அன்று பின்னேரம் அவர் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது, சோற்றுக் கோப்பைக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டை மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"ஐயரை வைச்சு, அக்கினி சாட்சியா எனக்குத் தாலி கட்டினனீங்கள்" என்றாள்.

"டாக்ஸ் ஒபிசுக்கு அக்கினி சாட்சி மட்டும் காணாதாம், கமலா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் இந்த ஒரு கிழமையாக எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரிந்ததையும், நித்திரை வராமல் கிடந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

"சொலிசிற்றர் அல்பத்தைப் பாத்திட்டு மூடி வைச்சிட்டார்" என்றார் கடைசியில். "பதியாமல் விட்ட கலியாணம், சட்டப்படி நீர் எனக்கு மனுசி இல்லையாம்."

கேட்கக் கூடாது என்று கமலாம்பிகை நினைத்திருந்ததை வாய் கேட்டுவிட்டது.

"அப்ப மேரிறோஸ்தான் இனி உங்கட மனுசியோ?"

செல்வரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"அவ சாட்சிக் கையெழுத்து வைக்க வாறா. கலியாணப் பொம்பிளை நீர்தான்."