பன்னிரண்டாவது பெயர்

செத்துப்போன சஞ்சயின் நாடி, திரையில் எண்பத்து நான்கு என்று துடித்துக்கொண்டிருந்தது.

பிரித்திகா அதைப் பார்ப்பது இன்றோடு மூன்றாவது நாள்.

திருப்பதிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் பயிற்சியாளர் படிப்பு, இரண்டாம் வருடம். இதுக்கெல்லாமா படிப்பு என்று சொந்தக்காரர்கள் சிரித்த படிப்பு. காலையில் மைதானத்தில் ஆடுகிற பதினோரு பேரும் நெஞ்சில் நாடியை அளக்கிற பட்டை கட்டியிருப்பார்கள். துடிப்பு அவரவர் செல் வழியாக லேப் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். இந்த வாரம் அதைக் கவனிப்பது அவள் முறை.

பன்னிரண்டாவது பெயர் சஞ்சய். போன மாதம் பயிற்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நகரியில் அவன் வீட்டுக்கே போய் மாலை போட்டுவிட்டு வந்தவள் அவள்.

"பேரைத் தூக்கிடு பிரித்தி," என்றான் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் தனசேகர். "பார்க்கவே பயமா இருக்குது."

"கோச் தொடக் கூடாதுன்னாரே?"

"அவருக்கு இன்னா? அவனை ஓட ஓட விரட்டுனதே அவருதான். இப்ப செத்தவன் பேரை வெச்சிக்கினு விளையாடறாரு."

அவளுக்கும் கோச் ஜெபகுமார் சார் மேல் ஆத்திரம்தான். சாவு விழுந்த மறுநாளே பயிற்சிக்கு விசில் ஊதிய மனுஷன்.

அப்போது எண் இறங்கியது. எழுபது. ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்று.

தனசேகர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சா இப்டிதான் இறங்கும். அவன்... அடிக்கப் போறான்."

பிரித்திகா ஜன்னல் வழியே பார்த்தாள். சஞ்சய் எப்போதும் நிற்கிற ஆறாவது இடம் காலியாகத்தான் இருந்தது.

போதும்டா சாமி. அவன் பெயர் மேல் மவுஸை நகர்த்தினாள். அழித்தால் திரும்ப வராது.

"கையை எடு!"

வாசலில் ஜெபகுமார். அவளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. செல்லைக் காதில் வைத்தார்.

"சஞ்சய் அம்மாவா? நான் கோச் பேசறேன். தறியை நிறுத்திட்டு அப்டியே படுங்க. பொண்ணு கிட்ட போனைக் குடுங்க... ஆட்டோவைக் கூப்புடும்மா. அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

எண் மெல்ல ஏறத் தொடங்கியது. ஐம்பது. ஐம்பத்தாறு.

அவர் நாற்காலியில் சரிந்தார்.

"அவனுக்கு இருந்த கோளாறு அவங்களுக்கும் இருக்குது. ஆபரேஷன் வரைக்கும் பட்டை கட்டிக்குங்க, நான் பார்த்துக்கினு இருக்கேன்னேன். 'புள்ளையே போயிட்டான், எனக்கு எதுக்கு'ன்னுட்டாங்க. அவனோட பட்டையையும் செல்லையும் குடுத்தப்புறம்தான் கட்டிக்கினாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, வெளிய சொல்லாதீங்கன்னாங்க."

பிரித்திகா மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"பேரையாவது மாத்தி வெச்சிருக்கலாமே சார்?"

"கேட்டேன்மா. 'வாணாம் சார், என் மவன் பேர்லயே துடிக்கட்டும்'னாங்க."