அன்னம் யானையான பிற்பகல்

மறுநாள் கல்யாண வரவேற்பு மேடைக்காக ஆறடித் தெர்மாகோலில் நான் செதுக்கி முடித்திருந்த அன்னம், மாலை ஐந்து மணிக்குள் யானையாக வேண்டுமாம். மாப்பிள்ளையின் அம்மா போனில் உத்தரவிட்டார். அன்னம் கேட்டது கல்யாணப்பெண் ரேணு; அந்த மேடையில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சொந்தத் தொழிலில் முதலாளியும் நான்தான், வேலைக்காரனும் நான்தான். இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டோம்.

"வேற தெர்மாகோல் இல்ல, எழுந்திருங்க," என்றாள் என் மனைவி மரகதம். "கழுத்தைக் கவிழ்த்து ஒட்டினா தும்பிக்கை. உடம்பு ஏற்கெனவே உங்களை மாதிரி குண்டுதான்."

அலகை அறுத்தோம். நாலு கால் ஒட்டினோம். இறக்கைகளுக்கு வந்ததும் என் கத்தி நகரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாகக் கீறியவை அவை. "காதா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் மரகதம். அப்படியே விரித்து ஒட்டி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தோம்.

நாலரைக்கு ரேணு கூப்பிட்டாள். "அண்ணா, என் அன்னம் போச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் மரகதம் போனைப் பிடுங்கினாள். "போகலைடி கண்ணு. நாளைக்கு மேடையேறினதும் யானையோட காதைத் தொட்டுப் பாரு. ஒரு இறகைக்கூட இந்த மனுஷன் வெட்டல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ரகசியக் குரலில், "அத்தை கண்ணுல படாதுல்லக்கா?"

இருவரும் திரும்பிப் பார்த்தோம். காதுகளை அகல விரித்து, ஜன்னல் பக்கமாகச் சற்றே எம்பி நின்றது யானை.