சும்மாவுக்கு வரி இல்லை

“வீட்ல ஏதாவது ஒரு ரூம், தொழிலுக்கு மட்டும்னு தனியா இருந்துச்சா?” என்று ஆடிட்டர் கேட்டார்.

“அதெல்லாம் இல்ல சார்.” கேள்வி முடிவதற்குள் மகன் முந்திக்கொண்டான். “அம்மா முன்ரூம்ல சும்மா ஏதோ செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.”

சும்மா.

காயில்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. காயில்காரம்மா என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். எரிந்துபோன மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செப்புக் கம்பி சுற்றி, ஓடவிட்டுக் காட்டித்தான் அனுப்புவாள். அவள் கட்டிய காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஆனால் கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் அவள் கணவர் சொல்வது ஒன்றுதான். “வீட்லதான் இருக்கா, சும்மா.”

அந்த மனிதர் இப்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், கைத்தடியை முன்னால் ஊன்றியபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ஆடிட்டர் பொறுமைசாலி. குடும்பம் குடியிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் வேறு வீடு வாங்கினால் லாபத்துக்கு வரி இல்லை என்றார். ஓர் அறையைத் தொழிலுக்கென்றே வைத்திருந்தால் மட்டும், லாபத்தில் அந்த அறையின் பங்குக்கு வரி கட்ட வேண்டும். வீடு விற்றிருக்கும் விலைக்கு அது லேசான தொகையாக இருக்காது.

“பொழுதுபோக்குன்னா பிரச்சினையே இல்ல” என்று சிரித்தார். “சும்மாவுக்கு வரி கிடையாது.”

மகன் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் கல்லூரிக்குப் பணம் கட்டியது எந்தச் சும்மா? ராத்திரி மழை வந்தால், வெளியே காயப்போட்ட மோட்டார்களையெல்லாம் சொல்லாமலே உள்ளே எடுத்து வைத்த பிள்ளையா இப்படிப் பேசுகிறது?

“சும்மா இல்ல சார், பட்டறை” என்றாள். “அப்படியே எழுதுங்க.”

“அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்று மகன் பல்லைக் கடித்தான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனால் போகட்டும். நடக்காத தொழிலுக்கு எந்த அரசாங்கமாவது வரி கேட்குமா? கேட்கிறது என்றால் நடந்தது என்றுதானே அர்த்தம். நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஆடிட்டர் பேனாவை மூடிவிட்டு அவள் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்.”

தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. பேரிங் போயிருக்கிறது என்று அவள் காது தானாகவே குறித்துக்கொண்டது. கணவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயுசு பூராவும் ‘சும்மா’ என்று சொன்னதையே, அதனால் காசு மிச்சமாகும் நாளிலா மாற்றிச் சொல்லப்போகிறார்?

அவர் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முன்ரூம் மட்டும் இல்ல சார். பின்பக்க வராண்டாவையும் சேர்த்துக்குங்க. வார்னிஷ் போட்ட மோட்டாரை இவ அங்கதான் காயவெப்பா.”

“அப்பா!” என்றான் மகன்.

“ராத்திரி மழை வந்தா நான்தான் எந்திரிச்சு ஒவ்வொண்ணா உள்ள தூக்கி வெப்பேன். ஒவ்வொண்ணும் என்ன கனம் தெரியுமா?”

காயில்காரம்மா மகனைப் பார்த்தாள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதுங்க சார்” என்றார் அவர். “சும்மா இல்ல.”