குறுக்கே பேசுகிறவர்

"அந்த ஆளை வகுப்பை விட்டு அனுப்புங்க டீச்சர். இல்லேன்னா நாங்க வர்றதை நிறுத்திக்கிறோம்."

உரக் கிடங்கில் நடக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் விவசாயிகள். பத்துப் பேர் டீச்சரைச் சூழ்ந்து நிற்க, பதினோராவது ஆள் வெளியே சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் முதல் மடைக்காரர். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் முதலில் அவர் வயலில்தான் பாயும். கடைசியாகப் பாய்வது வெண்டைக்காய் அக்கா வயலில். அதுவும் பாய்ந்தால்தான். இரண்டு வருஷமாக அக்காவின் செடிகள் பூ விடுகிற நேரத்தில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடச் சொல்லி பாசன அதிகாரியிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு அக்காவைத்தான் கடைமடைக்காரர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சந்தையில் அக்கா ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெரு தள்ளி இருப்பவர்கூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து கவனித்தால் போதும், அந்தக் குரல் தொண்டையை விட்டு வெளியே வராது.

டீச்சர் பாடுபட்டு அதை வெளியே இழுத்தால், முதல் மடைக்காரர் உள்ளே தள்ளிவிடுவார். அக்கா வணக்கம் சொன்னதும் அவர் போனை எடுப்பார்.

"சொல்லுப்பா. கூட்டத்துலதான் இருக்கேன். முக்கியமா ஒண்ணுமில்ல, நீ சொல்லு."

பேசி முடித்ததும் ஒரு கொட்டாவி. பிறகு, "கொஞ்சம் சுருக்கமா சொல்லும்மா." அதையும் தாண்டி அக்கா பேசினால் கடைசியாக ஒரு கேள்வி வரும்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

முதல் வாரம் அந்தக் கேள்வியில் அக்கா பேச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டார்.

"முறை வச்சா அவருக்குத்தானே தண்ணி குறையும்? அந்த வயித்தெரிச்சல்தான் டீச்சர்" என்றார் கத்தரிக்காய்க்காரர்.

டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது. நேராக வெளியே போய், "இனிமே நீங்க வர வேண்டாம்" என்று சொல்லப் போனார். தடுத்தது அக்காதான்.

"இருக்கட்டும் டீச்சர். அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் எனக்கு ரோஷம் வருது."

ரோஷம் நன்றாகவே வேலை செய்தது. மூன்றாவது வாரம் அவர் போன் பேசி முடிக்கும்வரை அக்கா உட்காராமல் நின்றார். ஐந்தாவது வாரம் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லிவிட்டார். அன்றைக்குக் கிடங்கில் எழுந்த கைதட்டலில் மூட்டை மேல் தூங்கிய பூனை எழுந்து ஓடியது. முதல் மடைக்காரர் மட்டும் கைதட்டவில்லை. எல்லாரும் அதையும் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

அதிகாரியைப் பார்க்கும் நாள் வந்தது. பதினோரு பேரும் டீச்சரும் அவர் அறையில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அக்கா எழுந்து வணக்கம் சொன்னார்.

அதிகாரியின் போன் அடித்தது.

"சொல்லுப்பா. மீட்டிங்தான். முக்கியமா ஒண்ணுமில்ல, நீ சொல்லு."

கத்தரிக்காய்க்காரர் மெதுவாகத் திரும்பி முதல் மடைக்காரரைப் பார்த்தார். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நின்றபடியே காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கொட்டாவி வந்தது. "சுருக்கமா சொல்லும்மா" வந்தது. டீச்சருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் அதுவும் வந்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் லாரி ஓட்டப் போயிருக்கார் சார். வயலைப் பார்க்கிறது நான். செடி எந்த வாரம் பூ விடும், எத்தனை நாள் தண்ணி வேணும், எல்லாம் என்கிட்டயே கேளுங்க."

அதிகாரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உண்மையிலேயே கேட்கத் தொடங்கினார். அரை மணி நேரம் கேட்டார். அடுத்த திறப்பிலிருந்து எல்லாருக்கும் முறைத் தண்ணீர் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஒரே கும்மாளம். "அடுத்த விவசாயிகள் சங்கத் தலைவி அக்காதான்" என்று கத்தரிக்காய்க்காரர் அறிவித்தார். அக்கா யாருக்கோ போன் போட்டு அழுதுகொண்டே சிரித்தார்.

டீச்சர் முதல் மடைக்காரரைத் தனியாகப் பிடித்தார்.

"இந்த அதிகாரி இப்படித்தான்னு தெரிஞ்சேதான் வகுப்புல அவ்வளவும் பண்ணினீங்களா?"

"ஆமா டீச்சர்."

"முறை வச்சா உங்களுக்குத் தண்ணி குறையுமே?"

"இப்ப வர்ற தண்ணியில பாதியில தவளைதான் வளருது. அதை விடுங்க. அடுத்த வகுப்புக்கு என் வீட்டுக்காரி பேரை எழுதிக்கோங்க. ஆனா குறுக்கே பேசறதுக்கு மட்டும் வேற ஆளைப் பாருங்க."

"ஏன்? உங்களை மாதிரி யாரு பண்ணுவா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் இதே அறையில அவ பேசிட்டிருந்தா. 'வீட்டுக்காரர் வரலையா'ன்னு இந்த ஆள் கேட்டதும், நான் எழுந்து போய் அவ கையில இருந்த பேப்பரை வாங்கி, நானே படிச்சுட்டேன்."