பாதி சாக்லேட்

"லேய் அனூப், இந்தச் சீட்ட நீ வச்சுக்கோ, ஒன் சீட்ட எனக்குத் தா. கூட இந்தச் சாக்லேட்டும் தாறேன்."

ரெம்யா நீட்டியது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சாக்லேட். பொன் நிறத் தாள், மேலே ஒட்டகப் படம், உள்ளே பேரீச்சம்பழம். ஆசையாக ஒளித்து வைத்திருந்தது.

அனூப் சீட்டைப் பிரித்துப் பார்த்தான். "மௌமிதாவா? போ பிள்ளே! பயலுவ என்னக் கேலி பண்ணியே கொன்னுருவானுவ."

"ஒட்டகச் சாக்லேட்டுலே. எப்பவும் கிடைக்குமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கு ஸ்ரீலட்சுமி வந்திருக்கா. அவளுக்குப் பரிசு வாங்கி நம்மால முடியாது. செரி, கொண்டா."

சாலைக் கடைத்தெருவை ஒட்டிய அந்தப் பள்ளிக்கூடத்தில் டிசம்பர் வந்தால் எல்லா வகுப்பிலும் சீட்டு எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ அவருக்கு நீங்கள் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட். ஆள் தெரியாமல் அவர் மேசைக்குள் தினமும் சின்னதாக ஏதாவது வைக்க வேண்டும். கேக் வெட்டுகிற நாளில் பெரிய பரிசோடு எல்லார் முன்னாலும் போய், "நான்தான்" என்று நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போட்டோ உண்டு.

போன வருஷம் யாருக்கும் வேண்டாத சீட்டு ரெம்யாவுடையது. மலையாளப் பிள்ளைகள் நடுவே வீட்டில் தமிழ் பேசுகிற பெண், அதனால் 'பாண்டி' என்று கேலி. அனூப்பும் அவள் தெருதான், தமிழ்தான். ஆனால் நன்றாகப் பந்து உதைப்பவனை யார் பாண்டி என்பார்கள்? ரெம்யாவின் மேசைக்குள் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. கடைசி நாளில் மூடி இல்லாத ஒரு பேனா வந்தது. பாவம், அதையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள்.

இந்த வருஷம் மௌமிதா வந்து சேர்ந்தாள். வங்காளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகள். 'பாண்டி' என்ற பேச்சு நின்று 'பெங்காளி' என்ற பேச்சு தொடங்கியது. ஸ்ரீலட்சுமியின் கூட்டம் இப்போதுதான் சாப்பாட்டு நேரத்தில் ரெம்யாவுக்கு இடம் விடுகிறது. மௌமிதாவோடு போட்டோவுக்கு நின்றால் அந்த இடம் போய்விடும்.

மறுநாள் காலையில் ரெம்யா வகுப்புக்குள் நுழையும்போது மௌமிதா முன்னமே வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

"ரெம்யா, நோக்கு!" மௌமிதாவுக்கு மலையாளம் பாதிதான் வரும், மீதியைக் கண்ணால் பேசுவாள். கையில் அதே ஒட்டகச் சாக்லேட்! "என் ஃப்ரெண்ட் வச்சது." பாதியாக உடைத்து, கொஞ்சம் பெரிய துண்டை ரெம்யா கையில் வைத்தாள்.

அனூப் தின்னாமல் இவளுக்கே வைத்துவிட்டானே, நல்ல பையன்தான் என்று நினைத்தபோது ரெம்யாவின் மனசிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. சாக்லேட்டும் இனித்தது.

பின்னால் இருந்து ஸ்ரீலட்சுமி கூப்பிட்டாள். "டீ ரெம்யா, அவ கொடுத்ததையா தின்னே? அய்யே! கை கழுவிட்டு வந்து எங்ககூட இரு."

ரெம்யா போய்க் கை கழுவினாள்.

அதற்குப் பிறகு மௌமிதாவின் மேசைக்குள் ஒருநாள் எள்ளு மிட்டாய், ஒருநாள் பாசிமணி வளையல், ஒருநாள் வண்ணக் காகிதத்தில் வெட்டிய நட்சத்திரம். எல்லாவற்றிலும் ரெம்யாவுக்குப் பங்கு உண்டு. வளையலைக்கூட, "இன்னைக்கு நீ போடு, நாளைக்கு நான்" என்றாள்.

"யாரா இருக்கும் உன் ஃப்ரெண்ட்?" ஒன்றும் தெரியாதவள் போல ரெம்யா கேட்டாள்.

"எனக்குத் தெரியும். ஆனா சொல்லக்கூடாதில்லே?" மௌமிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேக் வெட்டுகிற நாள் வந்தது. ஜிஷா டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அம்மாவைக் கெஞ்சி வாங்கிய கண்ணாடிப் பொம்மையை ரெம்யா ஸ்ரீலட்சுமிக்குக் கொடுத்தாள். "தேங்க்ஸ் டீ" என்று வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு, ஸ்ரீலட்சுமி போட்டோவுக்குத் தலைமுடியைச் சரிசெய்தாள்.

அடுத்து அனூப். அவன் பரிசைக் கொண்டுபோய் ஜினு கையில் கொடுத்தான். ரெம்யாவுக்குத் திக்கென்றது.

திரும்பி வந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லேய், மௌமிதா சீட்டு என்னாச்சு?"

"அத அன்னைக்கே சிபிகிட்ட தள்ளிட்டேன்."

"சாக்லேட்டு?"

"அதையும் சேத்துத்தான். இல்லேன்னா அவன் வாங்குவானா?"

சிபி எழுந்தான். அவன் பரிசு கிருஷ்ணகுமாருக்குப் போனது. அப்படியே ஒவ்வொருவராக முடிந்தார்கள். யாரும் மௌமிதா பக்கம் வரவில்லை.

"மௌமிதாவோட ஃப்ரெண்ட் யாரு? எழுந்து வா, வெட்கப்படாதே," என்றார் டீச்சர்.

வகுப்பு கமுக்கமாகச் சிரித்தது. ரெம்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

மௌமிதாதான் எழுந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு முன்னால் போய் நின்றாள்.

"நீ யாருக்கு மோளே கொடுக்கணும்?"

அவள் கசங்கிப்போன சீட்டை நீட்டினாள். டீச்சர் அதை வாசித்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

"இதுல உன் பேர்தானே இருக்கு. இது எப்படி உன் கையில வந்தது?"

மௌமிதா ஒருமுறை தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் வேண்டாம் டீச்சர். வாங்கினா சாக்லேட்டும் உண்டுன்னு சொன்னாங்க. பாதியை ரெம்யாவுக்குக் கொடுக்கலாமேன்னு நானே வாங்கிக்கிட்டேன்."